சிரமம் ஒண்டுமில்லை

காது கேளாத ஒரு பெண், தனக்குக் கேட்பதில் சிரமம் எதுவும் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னால், நான் எதைப் பதிய வேண்டும்? அவள் சொன்னதையா, நான் கண்டதையா? இந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் விடை இல்லை. விடை தெரிந்தவர்கள் என்று நான் நம்பிய எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல்தான் பதில் சொன்னார்கள். ஒருவர் சொன்னதோடு மற்றவர் சொன்னது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். சிறியது என்றால் உண்மையாகவே சிறியது. ஊர்காவற்றுறையில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் எங்கள் அலுவலகம். இணைப்பாளர் ஒருவர், நான், சொந்த மோட்டார் சைக்கிளோடு வேலைக்குச் சேர்ந்த ஓர் அண்ணை. எங்களுக்குப் பணம் தருகிற தாய் நிறுவனம் ஐரோப்பாவில் இருக்கிறது. அதுவும் சிறியதுதானாம். இப்படிப்பட்ட சிறிய நிறுவனங்கள், தீவுகளுக்குள் யாருக்கு என்ன தேவை என்று கணக்கெடுக்கும்போது உடற்குறை உள்ளவர்களை விட்டுவிடுகின்றன என்று யாரோ கண்டுபிடித்ததால், ‘எவரையும் விடாத தரவு சேகரிப்பு’ என்றொரு பயிற்சிக்கு எங்களை அழைத்தார்கள். நான் சந்தோசமாகத்தான் போனேன். அதைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி என்றால் எனக்குப் பள்ளிக்கூட நாட்களில் இருந்தே ஒரு பிடிப்பு. புதுக் கொப்பி, முதல் வரிசைக் கதிரை, எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மச்சாளிடம், அதாவது கணவரின் அக்காவிடம், விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போதே பிள்ளை அழுகிறாளோ என்று தொலைபேசி எடுத்தேன். “உமக்குத்தான் அழுகை. அவள் புட்டுச் சாப்பிடுறாள்” என்று மச்சாள் வைத்துவிட்டார்.

பயிற்சி ஒரு விருந்தினர் விடுதியின் மண்டபத்தில் நடந்தது. பயிற்சியை நடத்திய வளவாளர் சுவரில், திரையில் இருந்தார். இணையத்தின் வழியாகப் பேசிய வெள்ளைக்காரப் பெண், இனிமையானவர், பொறுமையானவர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைக் கொழும்பில் இருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார். மன்னார், கிளிநொச்சிப் பக்கமிருந்தும் எங்களைப் போன்ற நிறுவனங்கள் வந்திருந்தன.

முதல் நாளே மூன்று விதிகளைச் சொன்னார்கள். ‘உடற்குறை’, ‘மாற்றுத்திறன்’ போன்ற எந்தச் சொல்லையும் மக்களிடம் உச்சரிக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் வெட்கத்தில் மறைத்துவிடுவார்கள். ஆகவே பார்ப்பதில் சிரமமா, கேட்பதில் சிரமமா, நடப்பதில் சிரமமா என்று மட்டும் கேட்க வேண்டும். பதில்கள் நான்கு: சிரமம் இல்லை, சிறிது சிரமம், அதிக சிரமம், முற்றாகவே செய்ய முடியாது. இரண்டாவது, வீட்டுக்காரர் யாரோ ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் சொல்ல விடக் கூடாது. அந்தந்த ஆளிடமே கேட்க வேண்டும். மூன்றாவது, அவர் சொல்வதுதான் பதில். நாங்கள் திருத்தக் கூடாது.

மூன்றும் எனக்குப் பிடித்திருந்தன. இப்போதும் பிடிக்கும். பிழை அந்த மூன்றிலும் இல்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை.

தகராறு ‘சிரமம்’ என்ற சொல்லில் தொடங்கியது. கேள்விகளின் தமிழாக்கம் வேறெங்கோ செய்யப்பட்டு வந்திருந்தது. வாசித்துப் பார்த்த எங்கள் அண்ணை பின்வரிசையில் இருந்து கையைத் தூக்கினார்.

“சிரமம் எண்டு எங்கட சனத்திட்டக் கேட்டால் தேத்தண்ணிதான் வரும், பதில் வராது.”

மண்டபம் சிரித்தது. மன்னாரில் இருந்து வந்த ஒரு அக்கா, ‘கஷ்டம்’ என்று போடலாம் என்றார். கிளிநொச்சிக்காரர், கஷ்டம் என்றால் வறுமை என்றுதான் விளங்கும் என்றார். ‘கடினம்’ என்று ஒருவர். ‘இயலாமை’ என்று இன்னொருவர். அதற்குள் குறை என்ற அர்த்தம் வந்துவிடும் என்று அவரை மற்றவர்கள் அமர்த்தினார்கள். இப்படியே தேநீர் இடைவேளை கடந்து போனது. கடைசியில் மொழிபெயர்ப்பாளர், சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டே வசனம் சொன்னார். வளவாளர் முகம் மலர்ந்து, “மிக நல்ல கலந்துரையாடல்” என்றார். பிறகு, சொல்லை மாற்றக் கூடாது, மாற்றினால் மற்ற நாடுகளின் தரவுகளோடு ஒப்பிட முடியாது என்று அன்பாகச் சொல்லி அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

நான் கொப்பியில் ‘சொல்லை மாற்றக் கூடாது’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். அண்ணை என் கொப்பியை எட்டிப் பார்த்து, “நல்லாக் கீறும். அந்தக் கோட்டில உடுப்பும் காயப்போடலாம்” என்றார்.

நாரந்தனையில் முதலாவது வீடு. முற்றத்தில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். கணக்கெடுக்கத் தந்திருந்த டப்லெட்டைத் திறந்து, எழுதியிருந்தபடியே வாசித்தேன். “மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாலும், பார்ப்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?”

“என்ன பிள்ளை சிரமம். இந்த வெயிலுக்குள்ள இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள், உங்களுக்குத்தான் சிரமம். இருங்கோ இருங்கோ.” சொல்லிக்கொண்டே எனக்குக் கதிரை எடுத்துத் தர எழும்பி, சுவரைத் தடவிக்கொண்டு போய், வாசற்படியைக் காலால் தேடி, கதிரை இல்லாத பக்கம் கையை நீட்டினார். இரண்டு கண்ணிலும் வெண்மை படர்ந்திருந்தது.

நான் மறுபடி கேட்டேன். “சிரமம் ஒண்டுமில்லை” என்று மறுபடி உபசரித்தார். அவர் சொல்வதுதான் பதில். ‘சிரமம் இல்லை’ என்பதை அழுத்தினேன். தேநீர் வந்தது. அண்ணை என்னைப் பார்க்காமல் தேநீரை மட்டும் பார்த்தபடி குடித்தார். எனக்கு அது திட்டுவதை விட மோசமாக இருந்தது.

அன்றைக்கு முழுவதும் இதே கதை. தீவுப்பகுதி முழுவதும் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று என் டப்லெட் சொல்லியது. அடுத்த நாள் புளியங்கூடலில், வளவாளர் சுவரில் இல்லை என்ற துணிச்சலில், ‘கஷ்டம்’ என்று மாற்றிக் கேட்டேன். நடு வயதுப் பெண் ஒருவர், பார்வையில் ஒரு பழுதும் இல்லாதவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். கூரைத் தகரம் பறந்தது, மகன் வெளிநாட்டில் இருந்து பேசுவதில்லை, ஆடு செத்தது.

“அம்மா, கண் பார்வையில கஷ்டம் இருக்கோ எண்டு கேட்டனான்.”

“கண் நல்லாத் தெரியுது பிள்ளை. கஷ்டமும் நல்லாத் தெரியுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இது வீட்டுத்திட்டத்துக்கோ?” என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பி இணைப்பாளரிடம் முறையிட்டேன். அவர் நல்ல மனிதர். ஆனால் எந்த முறைப்பாட்டையும் ஓர் அறிவித்தலால் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். அடுத்ததாக நாங்கள் போக வேண்டிய கடற்கரைக் கிராமத்தில், ஞாயிறு பூசை முடிவில், எல்லா வீடுகளுக்கும் கணக்கெடுக்க வருகிறோம் என்று சொல்லுமாறு அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொண்டார். நாங்கள் அனுப்பிய அறிவித்தலில் ‘எவரையும் விடாத’ என்றும் ‘செயற்பாட்டுச் சிரமங்கள்’ என்றும் இருந்தது. செயலாளர் அதை ஒலிவாங்கியின் முன் நின்று வாசித்துப் பார்த்திருக்கிறார். தனக்கே விளங்காததைச் சனத்துக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடு, தன் தமிழில் சொல்லிவிட்டார்: “வாற கிழமை ஏலாத ஆக்களைப் பதிய வருகினம். ஏலாத ஆக்கள் வீட்டில நில்லுங்கோ.”

எங்கள் ஊர்களில் ஏலாது என்றால் முடியாது. ஏலாமல் கிடக்கிறார் என்றால் நோயாக இருக்கிறார். ஏலாத ஆள் என்றால் உடற்குறை உள்ளவர், பயிற்சியில் நாங்கள் உச்சரிக்கவே கூடாது என்று சொன்ன அதே சொல். மூன்றுக்கும் சொல் ஒன்றுதான். அதை ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது.

நாங்கள் போனபோது காய்ச்சல்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். இடுப்புப் பிடிப்பு, பல்லுக்குத்து, சீனி வருத்தம், முதல் நாள் இரவு கூடக் குடித்தவர். “எனக்கு ரெண்டு நாளா ஏலாது பிள்ளை, எழுதிக்கொள்ளுங்கோ.” ஒருவர் வலை தைத்துக்கொண்டே, “என்ர மனுசி சமைக்க ஏலாது எண்டுறா. அதையும் பதியுங்கோ” என்றார். உள்ளே இருந்து குரல் வந்தது: “அவருக்கு விடிய எழும்ப ஏலாது. அதை முதல் எழுதுங்கோ தங்கச்சி.”

நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒழுங்கையில் சில வீடுகளின் படலைகள் பகலிலேயே சாத்தியிருந்தன. “எங்கட வீட்டில ஏலாத ஆக்கள் இல்லை” என்று படலைக்கு மேலாலேயே சொல்லி அனுப்பினார்கள். யாரைத் தேடிப் போனோமோ அவர்களை நாங்களே கதவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படி மறித்த படலைகளில் ஒன்றை அண்ணை தண்ணீர் கேட்டுத் திறக்கச் செய்தார்.

அது ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் வீடு. மாமியார், கடலுக்குப் போகிற மகன், அவனுடைய மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள், ஏணையில் ஒரு பெண் குழந்தை. குழந்தை என் மகளை விடச் சில மாதங்கள் இளையது. சேலைத் தொட்டிலான அந்த ஏணை, விறாந்தைக் கூரையின் வளையில் கட்டியிருந்தது. மாமியார் எல்லோருக்குமாகப் பதில் சொல்லத் தொடங்கினார். நான் இரண்டாவது விதியை நினைத்துக்கொண்டேன்.

“மருமகளிட்டயே கேக்க வேணும் அம்மா.”

“அவவுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. நல்ல சுகம். நான் சொல்லுறன், எழுதுங்கோ.”

“இல்லையம்மா, அவவே சொல்ல வேணுமாம். அப்பிடித்தான் எங்களுக்குச் சொல்லி விட்டிருக்கினம்.”

“அவ குசினியில அடுப்படி வேலையா நிக்கிறா.”

நான் குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். பிறகு கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மாமியார் தன் கை நகத்தைப் பார்த்தார். அந்நேரம் ஏணைக்குள் குழந்தை புரண்டது. அழவில்லை, புரண்டது மட்டும்தான். குசினியில் இருந்து அந்தப் பெண் கையைத் துடைத்தபடி ஓடி வந்து, ஏணையை விலக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். என்ன கூர்மையான காது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். என் மகள் வீரிட்டு அழுதாலும் எனக்கு விளங்க ஒரு கணம் ஆகும்.

அதற்குப் பிறகுதான் தங்கூசியைக் கண்டேன். மீன் பிடிக்கிற அந்த நைலோன் நூல், ஏணைக் கயிற்றில் இருந்து வளை வழியாக ஓடி, குசினிச் சுவரின் மேல் இடைவெளிக்குள் போனது. அதன் மறு முனையில், அடுப்புக்கு நேரே, ஒரு சிவப்பு வலை மிதப்பு தொங்கியது. பிள்ளை அசைந்தால் மிதப்பு துள்ளும். இப்போதும் அது மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் என் உதடுகளைப் பார்த்தாள். நான் எழுதியிருந்தபடியே கேட்டேன்: “கேட்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?”

மாமியாரை ஒருதரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, தெளிவான குரலில், “சிரமம் ஒண்டுமில்லை அக்கா” என்றாள்.

டப்லெட்டில் அந்தக் கேள்வியின் நான்கு பதில்களும் ஒளிர்ந்தன. நான் ஒன்றையும் அழுத்தாமல், பதிவை முடிக்காமலே சேமித்துவிட்டு எழும்பினேன்.

மாமியார் படலை வரைக்கும் கூட வந்தார். அண்ணை மோட்டார் சைக்கிளைத் திருப்பப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, நீங்களும் ஒரு பொம்பிளை. மகளுக்கு ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறம். செவிட்டு வீடு எண்டு ஒரு கதை போனால் முடிஞ்சுது.”

“மருமகள்தானே அம்மா. உங்கட மகளுக்கும் அவவுக்கும் இரத்த உறவில்லையே.”

“கதைக்கிற சனம் இரத்தம் பாத்தே கதைக்குது?”

பயிற்சிக் கொப்பியில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அன்று பின்னேரம் பஸ்ஸில் இருந்து மச்சாளுக்கு எடுத்து, பிள்ளையின் குரலை ஒருக்கால் கேட்க வேண்டும் என்றேன். “நித்திரை. எழுப்பி அழவைச்சுக் கேக்க விடட்டோ?” என்றார்.

அந்தப் பெண்ணை ஏன் பதிந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் கணக்கெடுப்பில் ‘அதிக சிரமம்’ அல்லது ‘முற்றாகவே முடியாது’ என்று பதிவாகிறவர்கள் மட்டும் தானாகவே ஒரு பட்டியலுக்குப் போவார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் காது பரிசோதித்து, கேட்கும் கருவியை இலவசமாகக் கொடுக்க ஒரு குழு தீவுக்கு வருகிறது. இந்த முறை வந்தால் பிறகு எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ‘சிறிது சிரமம்’ என்று போட்டு எல்லோரையும் சமாளிக்கலாம் என்று நானும் யோசித்தேன். சிறிது சிரமம் பட்டியலுக்குப் போகாது.

பட்டியலில் உள்ளவர்களை ஏற்றிப் போக வாகனம் வரும். இரண்டு பக்கமும் திட்டத்தின் பெயரும், சக்கர நாற்காலிப் படமும் ஒட்டிய வாகனம். அதை ஒழுங்கைக்கு வெளியே, சந்தியில் நிறுத்த முடியாதா என்று இணைப்பாளரிடம் கேட்டேன்.

“ஏலாது தங்கச்சி. வாசலுக்குப் போக வேணும். அதுதானே அணுகல் வசதி. எழுத்தில இருக்கு.”

“அவ நல்லா நடப்பா சேர். காதுதான்.”

“எல்லாருக்கும் ஒரே நடைமுறை. இல்லாட்டி ஆரையும் விட்டிட்டம் எண்டு வரும்.” பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, “நீர் உம்மட கண்ணால கண்டனீர்தானே? ‘அதிக சிரமம்’ எண்டு போட்டிட்டு அனுப்பும். ஆர் உம்மைக் கேக்கப் போகினம்?” என்றார்.

கிழமைக்கு ஒருதரம் வளவாளரோடு இணையச் சந்திப்பு இருந்தது. எங்கள் இணைப்பு விட்டு விட்டு வந்ததால் என் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அவர் அக்கறையாகப் பதில் எழுதினார். அந்தப் பெண் தன்னைப் பற்றித் தானே சொல்ல உரிமை உள்ளவள். அவளுடைய பதிலை நாங்கள் மதிக்க வேண்டும். ‘சிரமம் இல்லை’ என்றே பதிய வேண்டும். அத்தோடு, மாமியார் இல்லாத தனியிடத்தில் கேட்டிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அந்த வீட்டில் தனியிடம் என்று கிணற்றடியைத் தவிர ஒன்றும் இல்லை என்று பதில் எழுதத் தொடங்கி, பிறகு மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று அழித்துவிட்டு நன்றி மட்டும் எழுதினேன்.

அண்ணையிடமும் கேட்டேன். “ஒரு பெட்டையின்ர கலியாணம் குழம்பினால் ஆர் பதில் சொல்லுறது? சுவரில இருக்கிற மனுசியோ?” என்றார். அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. எனக்கு யார் பேசினாலும் அவர்கள் பேசி முடிக்கும்வரை அவர்கள் சொல்வது சரியாகத்தான் படும். கணவர் இதைப் பற்றி நிறையச் சொல்வார்.

ஒரு கேள்வி விடுபட்டுப் போயிற்று என்று பொய் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குத் தனியாக மறுபடி போனேன். மாமியார் கருவாடு காயப்போடக் கரைக்குப் போயிருந்தார். மகள் தையல் வகுப்பில். அந்தப் பெண் முற்றத்தில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நான் படலையில் நின்று கூப்பிட்டுப் பார்க்கவில்லை. நேரே அவளுக்கு முன்னால் போய் நின்றேன். சிரித்தாள்.

நிலத்தில் அமர்ந்து, முகத்தை அவள் பக்கம் வைத்துப் பேசினேன். அவள் மற்ற எல்லோரையும் போலவே பேசினாள். சின்னனில் காய்ச்சல் வந்ததாம். ஒரு காதில் கொஞ்சம் கேட்கிறதாம். இடி, படகு எஞ்சின், மாமி கோபத்தில் கத்துவது.

“மாமி கத்திறது கேக்காட்டியும் நல்லம்” என்று தானே சொல்லிச் சிரித்தாள்.

“அண்டைக்குச் சிரமம் இல்லை எண்டு சொன்னியள்.”

“பொய் சொல்லேல்லை அக்கா. பிள்ளை ஏணையில கிடக்குமட்டும் எனக்கென்ன சிரமம்? அவர்தான் தங்கூசி கட்டித் தந்தவர். ராவில கால் விரலில கட்டிக்கொண்டு படுப்பன். அவ அசைஞ்சால் நான் எழும்பிடுவன். மாமிக்கு முதல் நான் எழும்பிடுவன்.”

பெருமையாகத்தான் சொன்னாள். பிள்ளை அவள் மடியை விட்டு இறங்கி, என் டப்லெட்டின் உறையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றது. நின்றுவிட்டு எங்களைப் பார்த்தது.

“இப்ப ஏணையில கிடக்க மாட்டன் எண்டுறாள்” என்றாள். குரல் மாறியிருந்தது. “முந்தநாள் நான் உடுப்புத் தோய்க்கேக்க விறாந்தையால இறங்கி, கிணத்தடிப் பக்கம் தவண்டு போயிட்டாள். விழுந்து குழறியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அன்ரிதான் தூக்கிக்கொண்டு வந்தவ. நான் பிள்ளைக்கு முதுகு காட்டிக்கொண்டு தோய்ச்சுக்கொண்டிருக்கிறன்.”

அந்த வீட்டுக் கிணற்றுக்கு ஒரு பக்கம் கட்டு இடிந்திருந்தது. நான் அதை முதல் நாள் பார்க்கவே இல்லை. எங்கள் படிவத்தில் கிணற்றைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது: ‘குடிநீர் எங்கிருந்து பெறப்படுகிறது?’

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன். போயிருக்கிறாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கணவனோடு. அவன் மருந்துச் சீட்டுப் பதிய வேறு வரிசைக்குப் போன நேரம் இவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். “காது கேக்காத ஆக்களின்ர கிளினிக்கில, வாயாலதான் கூப்பிடுகினம் அக்கா.” கோபமாகச் சொல்லவில்லை. இதெல்லாம் இப்படித்தான் என்பது போலச் சொன்னாள். அவர்கள் திரும்பி வந்தபோது வைத்தியர் எழும்பிப் போய்விட்டார். அதன் பிறகு கடல், பிள்ளைப்பேறு, இப்போது மச்சாளின் கல்யாணப் பேச்சு. கணவனைக் கேட்டால், “அவளின்ர காரியம் முடியட்டும், பிறகு பாப்பம்” என்கிறானாம். கருவியை வெளியில் வாங்குகிற விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

நான் எழும்பும்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

“அக்கா, பதியாமல் எனக்கு ஒரு மெஷின் எடுத்துத் தர ஏலாதோ? தலைமயிரை இப்பிடி முன்னுக்கு விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.”

காதுக்கு மேலால் மயிரை இழுத்துக் காட்டினாள். நான், “பாக்கிறன்” என்றேன். இணைப்பாளரிடம் கேட்டேன். பதிவு இல்லாமல் பரிசோதனை இல்லை, பரிசோதனை இல்லாமல் கருவி இல்லை. கருவியும் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கடையில் வளையல் வாங்குவது போல இல்லை என்றார். அதுவும் சரிதான்.

இப்போது அந்தப் பதிவு ‘முடிக்கப்படாதவை’ என்ற பகுதியில் தனியாகக் கிடக்கிறது. மற்ற எல்லாம் போய்விட்டன. வெண்மை படர்ந்த கண்களோடு எனக்குக் கதிரை தேடிய பெரியவரும், சிரமம் இல்லாதவராக, பிழை திருத்தப்படாமல் போய்விட்டார். அவரிடம் மறுபடி போக அனுமதி கேட்டிருக்கிறேன். அனுப்பிய பதிவைத் திருத்த முடியாது. முடிக்காததை வைத்திருக்கவும் முடியாது. இணைப்பாளர் தினமும் காலையில் வந்து, “என்ன தங்கச்சி, அந்த ஒண்டு?” என்கிறார். இந்த மாதம் முடிய முன் பட்டியலை மூடுகிறார்கள்.

அவள் சொன்னதைப் பதிந்தால் நான் நல்ல உத்தியோகத்தர். அவளுடைய பிள்ளை இனி நடக்கத் தொடங்கும், அவள் துணி தோய்க்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் கண்டதைப் பதிந்தால், அந்தப் படம் ஒட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் போய் ஹோர்ன் அடிக்கும். அவளுக்கு அது கேட்காது. ஊருக்குக் கேட்கும். அதன் பிறகு அந்த வீட்டில் மச்சாளின் கல்யாணம் குழம்பினால் அதற்கு அவள்தான் காரணம் என்று அவள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார்கள். அந்த மச்சாளும் ஒரு பெண்தான், அவளை நான் கணக்கில் எடுக்காமல் விட முடியுமா என்றும் யோசிக்கிறேன். யோசித்து யோசித்து, சமையலில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

இதை எழுதுவதும் சரியா என்று தெரியவில்லை. பிறர் சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது என்றும் பயிற்சியில் சொன்னார்கள். அதனால் ஊரைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் இன்னது என்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். அப்படியும் யாராவது கண்டுபிடித்தால், தயவுசெய்து கண்டுபிடிக்காதவர்களாக இருந்துவிடுங்கள்.

எனக்குத் தோன்றுகிற ஒரே வழி, மாமியாரிடம் நேரே பேசுவதுதான். அவர் கெட்டவர் இல்லை. மகளுக்காகப் பயப்படுகிறார், நான் என் மகளுக்காகப் பயப்படாத நாள் இல்லை. அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லலாம், பேத்தியைப் பற்றிச் சொல்லலாம், வாகனத்தில் வர வேண்டாம், நான் கூட்டிப் போகிறேன், கடைக்குப் போவதாகச் சொல்லுங்கள் என்று சொல்லலாம். அவர் ஒத்துக்கொண்டால் மருமகளும் தன் வாயால் சொல்லுவாள். அப்போது மூன்று விதியும் மீறப்படாது. வாகன விதி மட்டும் மீறப்படும். அதற்கு இணைப்பாளரிடம் திட்டு வாங்கலாம். ஆனால் படலையைத் திறந்தவுடன் எதைச் சொல்லி அந்தப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. ‘சிரமம்’ என்றால் தேநீர் வைப்பார். ‘கஷ்டம்’ என்றால் வீட்டுத்திட்டம் என்பார். ‘ஏலாது’ என்று தொடங்கினால் படலையைச் சாத்திவிடுவார்.

இதை வாசிக்கிறவர்களில் மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கிற மாமிமார் இருப்பீர்கள். காது கேளாத தாய்மாரும், அவர்களின் வீட்டாரும் இருக்கலாம். இப்படிக் கணக்கெடுக்கப் போய் என்னைப் போல முழித்தவர்களும் இருப்பீர்கள். அந்த முதல் வசனத்தை மட்டும் யாராவது சொல்லித் தாருங்கள். எந்தச் சொல்லில் தொடங்கினால் அவர் என்னை இருக்கச் சொல்வார்? மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.